எடுத்து வெளியே வை: எக்ஸ்பொசிஷன் என்ற சொல்லின் பல வேலைகள்

‘எக்ஸ்பொசிஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைத் திறந்தால் முதலில் ‘விளக்கம்’ நிற்கும், அடுத்து ‘கண்காட்சி’ நிற்கும். கிளிநொச்சியிலோ மன்னாரிலோ மேசையில் இருந்து ஆங்கிலக் கடிதத்தையும் பாடக்குறிப்பையும் தமிழாக்குபவர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். பல இடங்களில் அது சரிவரும். சரிவராத இடங்களில் மேலைத்தேய சங்கீதப் பாடத்தில் ‘கண்காட்சிப் பகுதி’ முளைக்கும். கோவாவில் புனித சவேரியாரின் உடலுக்கு ‘விளக்கம்’ நடக்கும். சுகாதார அறிக்கையில் பூச்சிநாசினிக்குக் ‘கண்காட்சி’ வைக்கப்படும். படிக்கிற பிள்ளையோ விவசாயியோ மொழிபெயர்ப்புப் பிழை என்று எண்ணமாட்டார். தனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்துத் தாளை மடித்து வைத்துவிடுவார். இந்தச் சொல்லில் இவ்வளவு கவனம் வேண்டியிருப்பது அதனால்தான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘பொனெரே’ என்றால் வைத்தல். மூடைக்குள் இருக்கும் நெல்லை எடுத்துப் படங்கில் பரப்பிவைக்கிற செயலுக்கு லத்தீன்காரர் இந்த வினையையே சொல்லியிருப்பார். உள்ளே இருந்தது வெளியே வருகிறது, கண்ணும் வெயிலும் படும்படி கிடக்கிறது. கருத்தை அப்படி வைத்தால் விளக்கவுரை. பொருளை வைத்தால் காட்சி. திருப்பண்டத்தை வைத்தால் தரிசனம். பிள்ளையைக் கொண்டுபோய் வெளியே வைத்தால் கைவிடல். இத்தாலியின் நாப்பொலி நகரத்தில் அப்படிக் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இட்ட ‘எஸ்போசிட்டோ’ என்ற பெயர்தான் இன்று அங்கே பெருவாரியான குடும்பப் பெயராக இருக்கிறது. கிரேக்கத்திலும் இதே கதை: ‘எக்தெசி’ என்ற ஒரு சொல் இன்றைய கிரேக்கத்தில் பாடசாலைக் கட்டுரையையும் குறிக்கும், கண்காட்சியையும் குறிக்கும்.

ஆங்கிலம் ஒரு சொல்லால் செய்கிற வேலையைத் தமிழ் பல சொற்களால் செய்கிறது. அது தமிழின் குறை இல்லை. நமக்கு ஒவ்வொரு வேலைக்கும் தனிப்பெயர் இருக்கிறது. எந்த வேலை நடக்கிறது என்று பார்க்காமல் பெயரைத் தேடுவதால்தான் சிக்கல். எதை வெளியே வைக்கிறார்கள், யார் முன்னால், எதற்காக? இந்த மூன்றும் தெரிந்தால் தமிழ்ச் சொல் தானாக வரும்.

முதலில் கருத்தை வெளியே வைக்கிற வேலை. ஆங்கிலப் பாடத்தில் எழுத்தை நான்காகப் பிரிப்பார்கள்: கதை சொல்லல், வருணித்தல், வாதிடல், எக்ஸ்பொசிஷன். நான்காவதற்குத் தமிழில் விளக்கக் கட்டுரை என்று பெயர். ஒரு பொருள் என்ன, எப்படி இயங்குகிறது, ஏன் அப்படி ஆகிறது என்பதை அறியாதவருக்கு அறியத் தருவது. கேட்க எளிதாக இருக்கும். எழுதும்போதுதான் பிழைக்கும்.

காலபோக அறுவடை முடிந்த நாள்களில் வன்னி வீதியோரமெல்லாம் நெல் காய்கிறது. ‘நெல் காயவிடுதல்’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் இப்படி ஒன்று வரும்: ‘நெல்லை நன்றாகக் காயவிடுதல் மிகவும் முக்கியமானது. சரியாகக் காயாத நெல் பழுதடையும். ஆகவே விவசாயிகள் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும்.’ மூன்று வரியும் பிழையில்லை. ஆனால் வாசித்து முடித்தவருக்கு வாசிக்கத் தொடங்கும்போது தெரியாத ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூடை இன்னும் கட்டியபடியே இருக்கிறது.

அதையே அவிழ்த்து வைத்தால் இப்படி இருக்கும்: ‘வெட்டு மெசினில் இருந்து இறங்கும் நெல்லில் ஈரப்பதன் பொதுவாக 20 முதல் 25 வீதம் வரை இருக்கும். விற்கவும் களஞ்சியப்படுத்தவும் அது 14 வீதத்துக்கு இறங்கவேண்டும். சீமெந்துத் தளத்திலோ படங்கிலோ 2 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளறிவிடவேண்டும். தடிப்பாகப் பரப்பினால் மேல்நெல் காய, அடிநெல் ஈரமாகக் கிடந்து சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மிக மெல்லிசாகப் பரப்பி உச்சி வெயிலில் விட்டால் மணியின் வெளிப்புறம் உள்ளைவிட விரைவாகக் காய்ந்து, மணிக்குள் வெடிப்பு விழும். ஆலையில் குற்றும்போது அந்த வெடிப்பில்தான் அரிசி உடைந்து குறுணலாகும். காய்ந்த நெல் இரவுப் பனியில் மீண்டும் நனைந்தாலும் அதே வெடிப்பு வரும். அதனால் பின்னேரம் குவித்து மூடவேண்டும்.’

இரண்டாவது பத்தியில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் அதன் காரணம் நிற்கிறது, அளவு நிற்கிறது, செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பது நிற்கிறது. ‘கிளறவேண்டும்’ என்பதோடு நிறுத்தினால் அது செய்முறைக் குறிப்பு. ‘ஏன் கிளறவேண்டும்’ என்பது வந்தவுடன் எக்ஸ்பொசிஷன். பத்தியின் முடிவில் ‘ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் உலரவிடும் தளம் கட்டித்தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் அது வாதத்துக்குள் போய்விடும். அந்த வரி எழுதக்கூடாது என்பதில்லை. எழுதுபவருக்குத் தான் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினார் என்று தெரிந்திருக்கவேண்டும். பாடசாலைக் கட்டுரைகளில் புள்ளி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்: விளக்கம் கேட்டால் அறிவுரை எழுதுவது.

இந்த வேலைக்குத் தமிழில் இலக்கணமே உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரம் உரைக்குப் பதினான்கு உறுப்புச் சொல்கிறது. பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள், தொகுத்துரை, உதாரணம், வினா, விடை, விசேடம், விரிவு, அதிகாரம், துணிவு, பயன், ஆசிரிய வசனம். இந்தப் பட்டியலை மனனம் செய்த பலர் அதை ஒரு கருவிப்பெட்டியாகப் பார்த்ததில்லை. முதலில் ‘பாடம்’ வருவதைக் கவனியுங்கள்: விளக்குவதற்கு முன்னர் எதை விளக்குகிறோமோ அந்த மூலம் பிழையில்லாமல் முன்னால் இருக்கவேண்டும். ‘வினா’வும் ‘விடை’யும் தனித்தனி உறுப்புகள், வாசகருக்கு எங்கே ஐயம் எழும் என்பதை உரைகாரரே கேட்டுக்கொள்ளவேண்டும், பிறகு பதில் சொல்லவேண்டும். ‘துணிவு’ என்பது ஐயமான இடத்தில் இதுதான் பொருள் என்று முடிவெடுப்பது. இரண்டு பொருளையும் சொல்லிவிட்டு நழுவிப்போகிற உரை அந்த உறுப்பு இல்லாத உரை.

அதே நூல் உரையை இரண்டாக வகுக்கிறது. சூத்திரத்தின் உட்பொருளை, கருத்தும் பதப்பொருளும் உதாரணமும் வினாவிடையும் காட்டிச் சுருக்கமாகத் தருவது காண்டிகை. அதற்கு மேலே போய், அந்த இடத்துக்கு இன்றியமையாத எல்லாவற்றையும் தன் உரையாலும் பிற நூல்களாலும் ஐயம் அகல விரிப்பது விருத்தி. ஆங்கிலத்தில் ‘எ ஷோர்ட் எக்ஸ்பொசிஷன்’ என்று வந்தால் காண்டிகை, ‘எ ஃபுல் எக்ஸ்பொசிஷன்’ என்று வந்தால் விருத்தி. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. பழைய சொல் என்று ஒதுக்கத் தேவையில்லை. ஒருமுறை விளக்கிவிட்டுப் பயன்படுத்தினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

எழுத்தில் மட்டும் இல்லை, வாயாலும் இந்த வேலை நடக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கோயில்களில் நடக்கும் புராணபடனம் அதற்கு உயிருள்ள சாட்சி. ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு படிக்கிறார். அடுத்தவர் பயன் சொல்கிறார். படிப்பவர் பாட்டை ஒருமுறை முழுதாகப் பாடிவிட்டு, பிறகு பொருள் முடியும் இடங்களில் வெட்டி வெட்டிக் கொடுப்பார். ஒவ்வொரு துண்டுக்கும் பயன் சொல்பவர் பொருள் விரிப்பார். இதில் திறமை இருவருக்கும் வேண்டும். படிப்பவர் சீருக்காக வெட்டினால் சொல் நடுவில் முறியும். பொருளுக்காக வெட்டினால்தான் மற்றவருக்குப் பிடி கிடைக்கும். பயன் சொல்பவருக்கு வருகிற பெரிய ஆபத்து கிளைக்கதை. சூரபன்மனின் தவத்தைச் சொல்லப்போய், தவத்தின் பெருமை, தவம் செய்த மற்றவர்கள் என்று நீண்டுகொண்டே போனால், பாட்டு ஒருபக்கம் அனாதையாக நிற்கும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுள்ள நூலை ஒரு பருவத்துக்குள் படித்து முடிக்கவேண்டும் என்ற கணக்கே இந்த மரபில் பயன் சொல்பவருக்குக் கடிவாளம். ஆங்கிலத்தில் ஒருவர் புராணபடனத்தை எழுதவேண்டி வந்தால் ‘ரெசிற்றேஷன் அன்ட் எக்ஸ்பொசிஷன்’ என்று தயங்காமல் எழுதலாம். திருப்பி வரும்போது அதைப் ‘படிப்பும் பயனும்’ என்று எழுதவேண்டும். ‘வாசிப்பும் விளக்கமும்’ என்றால் அந்தத் திண்ணையின் மணம் போய்விடும்.

கிறிஸ்தவ சபைகளில் ‘எக்ஸ்பொசிற்றரி பிரீச்சிங்’ என்பது இதற்கு மிக அருகில் நிற்கும் முறை. விளக்கப் பிரசங்கம் என்று சொல்கிறார்கள். தலைப்பை வைத்துக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக வசனம் பொறுக்குவது தலைப்புப் பிரசங்கம். வேதபாகத்தை எடுத்து வசனம் வசனமாகப் போவது விளக்கப் பிரசங்கம். 1538இல் ஜெனீவாவில் இருந்து வெளியேற்றப்பட்ட ஜோன் கல்வின் 1541இல் திரும்பி வந்து பிரசங்க மேடையில் ஏறியபோது, போனபோது விட்ட வசனத்துக்கு அடுத்ததில் இருந்து தொடங்கினார். மூலம்தான் ஒழுங்கைத் தீர்மானிக்கிறது, பேசுபவரின் நாளோ மனநிலையோ தீர்மானிப்பதில்லை என்ற கொள்கையை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கணிதத்திலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. யூக்கிளிட்டின் தேற்ற அமைப்பைப் பகுத்த பழைய உரைகாரர் ஆறு பகுதி சொல்வார்கள். இரண்டாவது பகுதிக்கு ‘எக்தெசிஸ்’ என்று பெயர், ஆங்கிலத்தில் அதை எக்ஸ்பொசிஷன் என்றும் எழுதுவதுண்டு. ‘ஒரு முக்கோணியின் இரு பக்கங்கள் சமனெனின்’ என்று பொதுவாகச் சொன்னதை, ‘ஏபிசி என்பது ஒரு முக்கோணி, அதில் ஏபி சமன் ஏசி’ என்று குறிப்பான உருவமாக மேசையில் வைக்கிற இடம் அது. நம் பிள்ளைகள் கொப்பியில் ‘தரவு’ என்று எழுதுவது இதைத்தான். அடுத்து ‘நிறுவ வேண்டியது’, ‘அமைப்பு’, ‘நிறுவல்’ என்று போகும். கேத்திரகணித வரலாறு பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் வந்தால் ‘விளக்கம்’ போடாதீர்கள். அந்த இடத்தில் எதுவும் விளக்கப்படுவதில்லை, வைக்கப்படுகிறது.

நாடகத்துக்கு வந்தால் சொல்லின் நிறம் மாறுகிறது. இங்கே வெளியே வைக்கப்படுவது கதையின் முன்பகுதி: யார் யாருக்கு என்ன உறவு, திரை விலகுமுன் என்ன நடந்தது, எந்த ஊர், எந்தக் காலம். 1863இல் ஜேர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் நாடகத்தை ஐந்து பகுதியாக்கி ஒரு கூம்பு போலக் காட்டினார். அதன் முதலாவது அறிமுகம். ஆங்கிலப் பாடநூல்கள் அந்த இடத்தில் எக்ஸ்பொசிஷன் என்று எழுதும். நாடகமும் அரங்கியலும் படிப்பவர்களுக்கு அதைப் ‘பின்புலம் காட்டல்’ என்று தந்தால் போதும்.

பின்புலம் காட்டுவதில் என்ன பிழை போகும் என்பதை ஒரு சிறிய காட்சியில் பார்க்கலாம். பாடசாலை மேடை. அண்ணன், தம்பி இருவர். தம்பி சொல்கிறான்: ‘அண்ணை, எங்கட ஐயா இந்தக் குளத்தடி வயலை வாங்கி முப்பது வருசமாகுது. அவர் தன்ர கையால வாய்க்கால் வெட்டினவர். இப்ப நீங்கள் அதை விக்கப்போறியள்.’ தம்பிக்குத் தெரிந்ததை, அண்ணனுக்கும் தெரிந்ததை, தம்பி அண்ணனுக்குச் சொல்கிறான். உண்மையில் அவன் பேசுவது நம்மோடு. அதனால்தான் நடிப்பவருக்கும் அந்த வரி வாயில் ஒட்டாது.

அதையே இப்படி மாற்றினால்: ‘வித்துப்போட்டு எங்க போகப்போறியள் அண்ணை? அந்த வாய்க்காலையும் சேத்தோ விக்கிறியள்?’ அண்ணன்: ‘வாய்க்கால் வாய்க்கால் எண்டு முப்பது வருசமாக் கேட்டாச்சு. ஐயாவும் போட்டார், தண்ணியும் போட்டுது.’ அதே செய்திதான். வயல், வாய்க்கால், முப்பது வருசம், ஐயா இறந்தது எல்லாம் வந்துவிட்டன; ஆனால் ஒருவரும் தகவல் சொல்லவில்லை, சண்டை பிடிக்கிறார்கள். பின்புலம் சண்டையின் இடுக்கால் கசிந்து வருகிறது. ஒரு பாத்திரத்துக்கு அந்தச் செய்தியைச் சொல்ல அந்தக் கணத்தில் ஒரு தேவை இருக்கவேண்டும். சினம், கெஞ்சல், பொய் எதுவாகவும் இருக்கலாம். தேவை இல்லாத செய்தி மேடையில் பாரமாக நிற்கும்.

நம் கூத்து இந்தப் பிரச்சினையை வேறு வழியால் தீர்த்தது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்திலோ காத்தவராயன் கூத்திலோ பார்ப்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும். கண்ணகியின் முடிவைத் தெரியாமல் ஒருவரும் கண்ணகி அம்மன் கோயில் இருக்கும் வற்றாப்பளைப் பக்கத்தில் வளரமாட்டார்கள். அதனால் கூத்தில் கதையின் முன்பகுதியை மறைமுகமாக நுழைக்க வேண்டிய தேவை இல்லை; வருபவர் யார், இப்போது எந்த நிலையில் வருகிறார் என்பதே வேண்டும். அதற்குத்தான் வரவு. காப்புப் பாடி, கட்டியகாரன் வந்து, அரசர் வருகிறார் என்று அறிவித்து, பிறகு அரசர் தன் வரவுப்பாட்டோடு ஆடி வந்து தன் பெயரும் பெருமையும் சொல்லுவார். எழுத்து நாடகத்தில் குறையாகத் தெரியும் அதே நேரடி அறிவிப்பு, இங்கே பாட்டும் தாளமும் சேர்ந்து கூத்தின் மிகச் சிறந்த இடமாகிறது. கூத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் வரவை ‘என்ட்ரி’ என்று மட்டும் எழுதினால் அதன் பாதி வேலையை விட்டுவிடுகிறார்கள்.

ஷேக்ஸ்பியரின் நடுவேனிற் கனவு நாடகத்தில் கழுதைத் தலையோடு படுத்திருக்கும் பொட்டம் என்ற நெசவாளி, தனக்கு நித்திரையின் ‘எக்ஸ்பொசிஷன்’ வந்துவிட்டதாகச் சொல்கிறான். அவன் சொல்ல நினைத்தது ‘டிஸ்பொசிஷன்’, அதாவது நித்திரை வருகிற நாட்டம். சுமார் 1595இலேயே இந்தச் சொல் இலண்டன் அரங்கில் பெரிய மனிதர் சொல்லாகவும், தெரியாமல் எடுத்தால் வழுக்கும் சொல்லாகவும் இருந்திருக்கிறது. இந்த வரியை மொழிபெயர்ப்பவர் அகராதிப் பொருளைத் தேடினால் பகிடி செத்துவிடும். நெசவாளி வாயில் பிழையாக வரக்கூடிய ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தே ஆகவேண்டும்.

இசையில் இரண்டு இடம், இரண்டும் வேறு. மேலைத்தேய இசையில் சொனாட்டா அமைப்பின் முதற்பகுதி எக்ஸ்பொசிஷன். அங்கே இரண்டு கருப்பொருள்கள் முன்வைக்கப்படும். முதலாவது உருப்படியின் சொந்தச் சுருதியில். இரண்டாவது வேறொரு சுருதியில். உருப்படி மேஜர் என்ற சுரவரிசையில் என்றால் பெரும்பாலும் ஐந்தாம் சுரத்துக்கும், மைனர் என்ற சுரவரிசையில் என்றால் பெரும்பாலும் அதன் உறவு மேஜருக்கும் போகும். மொசார்ட் 1788இல் எழுதிய 40ஆவது சிம்பனியின் முதற்பகுதியில் முதற்கருப்பொருள் ஜி மைனரிலும் இரண்டாவது பி பிளாட் மேஜரிலும் வருகின்றன. எழுத்துப்படி இந்தப் பகுதி முழுவதையும் திரும்ப வாசிக்கவேண்டும். கேட்பவரின் காதில் இரண்டு சுருதிக்கும் இடையில் உள்ள தூரம் பதிந்தால்தான், கடைசியில் இரண்டாவது கருப்பொருளும் ஜி மைனருக்கே இறங்கி வரும்போது அந்த இருட்டு உறைக்கும். அதனால் இதற்கு ‘முன்வைப்பு’ என்ற சொல் பொருந்தும். அடுத்த பகுதிகள் ‘விரிவு’, ‘மீள்வரவு’. ‘விளக்கம்’ என்று போட்டால் பிள்ளை எங்கே விளக்கம் என்று தேடிக்கொண்டிருக்கும்.

பல குரல்கள் ஒன்றையொன்று தொடரும் ஃபியூக் என்ற அமைப்பிலும் முன்வைப்பு உண்டு. ஒரு குரல் தனியே கருப்பொருளை எடுக்கும். அடுத்த குரல் அதையே ஐந்தாம் சுரத்துக்கு மாற்றிப் பதிலாகத் தரும். எல்லாக் குரல்களும் ஒவ்வொருமுறை எடுத்து முடித்தவுடன் முன்வைப்பு முடிந்தது.

கர்நாடக இசை விமர்சனங்களில் ஆங்கிலத்தில் ‘தோடியின் எக்ஸ்பொசிஷன்’ என்று வந்தால் அது ஆலாபனை. இங்கே முன்பே எழுதிய ஒன்றை வைப்பதில்லை. இராகத்தின் உருவத்தை நாதஸ்வரக்காரர் சிறு சிறு பிடிகளாகத் திறக்கிறார், முதல் இரண்டு மூன்று பிடியிலேயே தோடி என்று தெரியவேண்டும், பிறகு கீழ், நடு, மேல் என்று ஸ்தாயிகளில் நின்று நின்று விரித்துப் போகவேண்டும். திருவிழாவில் சுவாமி வீதியில் நிற்கும்போது வாசிக்கிற ஆலாபனையைக் கேட்டவருக்கு இதற்கு வேறு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இனிப் பொருளை வெளியே வைக்கிற வேலை. பிரெஞ்சுக்காரர் கண்காட்சியை எக்ஸ்பொசிஷன் என்றார்கள். ஆங்கிலேயர் 1851இல் இலண்டனில் கண்ணாடி மாளிகை கட்டிச் செய்ததற்கு ‘எக்ஸிபிஷன்’ என்று பெயர் வைத்தார்கள். பாரிஸ் 1855இல் தொடங்கி அடுத்தடுத்து நடத்திய உலகக் கண்காட்சிகள்தான் பிரெஞ்சுச் சொல்லை உலகச் சொல் ஆக்கின. ஐஃபல் கோபுரம் 1889ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு எழுப்பியது. 1893இல் சிக்காகோவில் நடந்ததன் பெயர் உலகக் கொலம்பிய எக்ஸ்பொசிஷன். கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 400 ஆண்டு நினைவு. விவேகானந்தரும் நம் தீவில் இருந்து போன அநகாரிக தர்மபாலவும் பேசிய சர்வமத மகாசபை அதன் ஒட்டாக நடந்தது. அதே கண்காட்சியில் இலங்கைக்கும் தனி மண்டபம் இருந்தது. சிக்காகோச் சொற்பொழிவு தெரிந்த பலருக்கு அது ஒரு வணிகக் கண்காட்சியின் நிழலில் நடந்தது என்பது தெரியாது.

‘எக்ஸ்போ’ என்ற குறுக்கம் 1967இன் மொன்ட்ரியல் கண்காட்சியோடு எங்கும் பரவியது. உலக எக்ஸ்போ என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 1928ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் பாரிஸில் இயங்கும் பன்னாட்டுக் கண்காட்சிப் பணியகம் ஏற்கவேண்டும். பெரிய வகை ஐந்து ஆண்டுக்கு ஒன்று, ஆறு மாதம் வரை நடக்கலாம். சிறப்பு வகை மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது, நிலமும் 25 ஹெக்ரேயருக்கு மேல் கூடாது. துபாயின் ‘எக்ஸ்போ 2020’ தொற்றுநோயால் 2021 ஒக்டோபரில்தான் தொடங்கியது, பெயரில் ஆண்டு மாறவில்லை. பெயர் பெயர்தான், மொழிபெயர்க்கும்போதும் ஆண்டைத் திருத்தப்போகாதீர்கள்.

நம் ஊர்ப் பதாகைகளில் வருகிற எக்ஸ்போ வேறு. பெரும்பாலும் விற்பனை, அல்லது வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்த்தல். இங்கே ஒரு நேர்மையான பிரிப்பு உதவும்: பார்க்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் கண்காட்சி, வாங்கவும் விற்கவும் என்றால் சந்தை, வேலைக்கு ஆள் எடுப்பதென்றால் தொழிற்சந்தை. பிள்ளைகள் செய்த மாதிரிகளை மேசையில் அடுக்கி வைக்கும் பாடசாலை நிகழ்வு கண்காட்சி. அதை எக்ஸ்போ என்று எழுதுவதால் பெருமை கூடுவதில்லை.

புனிதப் பொருளை மக்கள் முன் வைப்பது தனி வகை. அதற்குக் கண்காட்சி என்ற சொல்லைத் தொடவே கூடாது; பார்க்கிறவர் அங்கே பார்வையாளர் இல்லை. கண்டி தலதா மாளிகையில் உள்ள புத்தரின் புனித தந்த தாது 2025 ஏப்பிரலில், 16 ஆண்டுகளுக்குப் பிறகு, பத்து நாள்கள் மக்கள் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டது. கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பேழையோடு இறக்கி வைக்கப்படுகிறது. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. காஞ்சிபுரம் அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்தில் இருந்து வெளியே வருவார்; 2019இல் 48 நாள். ஆங்கில நாளிதழ் மூன்றையும் ஒரே சொல்லில் சொல்லிவிடும். தமிழில் முதல் இரண்டும் ‘தரிசனத்துக்கு வைத்தல்’ அல்லது ‘வணக்கத்துக்கு வைத்தல்’, மூன்றாவது ‘எழுந்தருளல்’. ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் வாயால் சொல்லும் சொல் எதுவோ அதைத்தான் எழுதவேண்டும்.

மடு தேவாலயம் போன்ற கத்தோலிக்க இடங்களின் நிகழ்ச்சி நிரலில் வரும் எக்ஸ்பொசிஷன் பெரும்பாலும் நற்கருணை ஆராதனை. அப்பம் கதிர்ப்பாத்திரத்தில் பீடத்தின் மேல் வைக்கப்படும். தூபம், பாட்டு, வாசகம், மௌன செபம், பிறகு நற்கருணை ஆசீர், பிறகு பாத்திரம் உள்ளே போகும். ஆசீர் கொடுப்பதற்காக மட்டும் வெளியே வைத்து உடனே எடுப்பதைத் திருச்சபை விதி தடுக்கிறது. செபத்துக்கு நேரம் இருக்கவேண்டும். குருவோ திருத்தொண்டரோ இல்லாத இடத்தில் உரிமை பெற்ற பொதுநிலையினர் வைக்கலாம், எடுக்கலாம். ஆசீர் கொடுக்க முடியாது. நிகழ்ச்சி நிரலை மொழிபெயர்ப்பவர் ‘வைத்தல்’, ‘ஆராதனை’, ‘ஆசீர்’ என்று மூன்றையும் பிரித்து எழுதுவது இதனால்தான் நல்லது.

சட்டத்தில் ஒரு லத்தீன் தொடர் வரும்: ‘கொன்டெம்பொரேனியா எக்ஸ்பொசிசியோ’. பழைய சட்டம் ஒன்றின் சொல் ஐயமாக இருந்தால், அது பிறந்த காலத்தில் அருகில் இருந்தவர்கள் அதை எப்படி விளங்கி நடந்தார்கள் என்று பார்ப்பது. அண்மைக்காலச் சட்டங்களுக்கு இது சரிவராது. நம் சட்டத்தமிழில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது. பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தில் உள்ள அதே பொருள்கோடல். சமகாலப் பொருள்கோடல் என்றால் முடிந்தது.

கடைசியாக, அடிக்கடி நட்டம் செய்கிற இடம். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் வெயில் படுதல், நஞ்சு படுதல், தொற்றுக்கு ஆட்படுதல் எல்லாவற்றுக்கும் எக்ஸ்பொசிஷனின் உறவுச் சொல்லே வரும். ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘எக்ஸ்போஷர்’ செய்கிறது. அந்த மொழிக்காரர்கள் எழுதும் ஆங்கில அறிக்கையில் ‘எக்ஸ்பொசிஷன்’ நழுவி விழும். ‘பூச்சிநாசினிக்கு நீண்டகால எக்ஸ்பொசிஷன்’ என்று இருந்தால், கிளிநொச்சி வயலில் மருந்தடிப்பவர் அதைச் சுவாசிப்பதும் அவர் தோலில் படுவதும்தான் பொருள். அதை ‘நீண்டகாலம் பூச்சிநாசினி உடலில் படுதல்’ என்று எழுதுங்கள். ‘வெளிப்பாடு’ என்று எழுதினால் உடலில் இருந்து மருந்து வெளியே வருவதாகப் படிப்பவர் நினைப்பார். கையுறை போடச் சொன்ன காரணம் அவருக்குப் போய்ச்சேராது.

தாளில் ‘தி எக்ஸ்பொசிஷன் வோஸ் டூ லோங்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அடுத்த வரியில் திரும்ப வாசித்தல் பற்றிப் பேசினால் இசையின் முன்வைப்பு. பாத்திரங்கள் பற்றிப் பேசினால் நாடகத்தின் பின்புலம். வசனம், அதிகாரம் என்றால் பிரசங்கம். வரிசை, பேழை, யாத்திரிகர் என்றால் தரிசனம். நகரமும் ஆண்டும் நின்றால் கண்காட்சி. ‘இன் த சன்’ என்று இருந்தால் எழுதியவர் சொல்ல வந்தது வெயிலில் கிடந்தது கூடிப்போயிற்று என்று. படங்கில் கிடந்தது நெல்லா, விதைநெல்லா என்று அப்போது கேளுங்கள். விதைநெல் என்றால் கடும் சூட்டில் முளைதிறன் போயிருக்கும்.